மஞ்சள் காட்டிக்கொடுக்கும்: வன்னியில் பச்சை குத்தத் தொடங்குகிறவர்களுக்கு

என் அறைக்கு வருகிறவர்கள் கதிரையில் இருப்பதற்கு முன்னமே கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"அண்ணை, ஊசி புதுசுதானே?"

"ஓம் தம்பி, உமக்கு முன்னாலதான் உடைக்கிறன், பாரும்."

பொதியைக் கிழித்துக் காட்டியதும் அவருக்கு நிம்மதி வந்துவிடும். ஆளுக்கு ஆள் ஊசி மாற்ற வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பெடியனுக்கும் இப்போது தெரியும். அந்தப் புது ஊசியைப் பிடிக்கிற கை அதற்கு முன் எதைத் தொட்டது, இடையில் எதைத் தொடுகிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், தொடங்கிய காலத்தில் நான் முழித்திருப்பேன்.

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் அறை இருக்கிறது. இணையத்தில் பச்சை குத்துகிற பேனா மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு சலூன் மூலையிலோ வீட்டு விறாந்தையிலோ தொடங்குகிற தம்பிமாரும் தங்கச்சிமாரும் போன் எடுத்துச் சந்தேகம் கேட்பார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்வதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். படம் கீறுவது பற்றி இதில் ஒரு வரியும் இல்லை.

பச்சை குத்துவது எங்களுக்குப் புதிதில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் குடியேறிய குடும்பங்களில் பாட்டிமாரின் முன்கையில் புள்ளிக்கோலமோ ஒரு பெயரோ மங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். "ஒரே ஊசியிலதான் எல்லாருக்கும் குத்தினது, எங்களுக்கு என்ன நடந்தது?" என்று ஒரு பாட்டி என்னிடமே கேட்டா. நியாயமான கேள்விதான். ஆனால் இரத்தத்தால் தொற்றுகிற ஹெபடைடிஸ் பி, சி வைரஸ் இரண்டும் ஈரலுக்குள் இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் கிடக்கக்கூடியவை. ஈரல் கெட்டுப் போனவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று யார் தேடிப் பார்த்தார்கள்?

முதல் ஊசி உங்களுக்கு

மெஷினுக்குக் காசு சேர்க்கும்போதே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். மூன்று ஊசிகள்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. எங்கள் நாட்டுக் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இது 2003க்குப் பிறகுதான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவர்களும், இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் தடுப்பூசி அட்டையே தொலைந்து போனவர்களும் தங்களுக்குப் போட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. மூன்றாவது ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ஓர் இரத்தப் பரிசோதனை செய்தால் உடம்பு அதை ஏற்றுக்கொண்டதா என்று தெரிந்துவிடும். ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் பாருங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில், வெறும் மேசைமேல், குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். தடுப்பூசி போடாத ஒருவரை, ஹெபடைடிஸ் பி உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி ஒரு தடவை குத்தினால் தொற்றும் வாய்ப்பு 100க்கு 6 முதல் 30 வரை. எச்.ஐ.வி.க்கு அது 1000க்கு 3 அளவுதான். எல்லோரும் பயப்படுவது இரண்டாவதற்கு. ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் இப்போது மாத்திரையில் குணமாக்கலாம்.

வருகிறவரிடம் "உங்களுக்கு அந்த நோய் இருக்கா" என்று கேட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பலருக்கே தெரியாது. தெரிந்தவர் சின்ன ஊரில் சொல்லவும் மாட்டார். எல்லோருடைய இரத்தத்திலும் எல்லாம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலை செய்தால் யாரையும் கேட்டு நோகடிக்க வேண்டியதில்லை.

அறை

பெரிய அறை தேவையில்லை. கழுவக்கூடிய அறை வேண்டும். சீமெந்து நிலம் நொறுங்கி மண் கிளம்பினால் மேலே வழுவழுப்பான விரிப்புப் போடுங்கள். துணிக் கதிரை, மெத்தை, திரைச்சீலை எதுவும் வேண்டாம். இரத்தத் துளி ஊறுகிற எந்தப் பொருளையும் பிறகு சுத்தமாக்க முடியாது.

சோளகக் காற்றுத் தொடங்கினால் வன்னிச் செம்மண் தூசு சாத்திய கதவுக்குள்ளாலும் வரும். அந்தக் காலத்தில் காலையில் ஒரு தடவை மேசை துடைத்தது போதாது. ஒவ்வொருவருக்கும் முன் துடைக்க வேண்டும். ஈரத்துணியால் துடையுங்கள், தும்புத்தடியால் கூட்டினால் தூசு எழும்பித் திரும்பவும் மேசையில் இருக்கும். மேலே சுற்றுகிற ஃபேனை நிறுத்திவிட்டு அதன் இதழ் நுனியை ஒரு தடவை விரலால் வழித்துப் பாருங்கள். அந்தக் கறுப்பு அழுக்கு நேரே திறந்த காயத்தின் மேல்தான் கொட்டிக்கொண்டிருக்கிறது. கிழமைக்கு ஒரு தடவை கழுவுங்கள், காற்று ஆளின் மேல் நேரே விழாதபடி கதிரையைத் தள்ளிப் போடுங்கள். கோழி, பூனை வாசலோடு நிற்கட்டும்.

கை கழுவும் இடம் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். குழாய் இல்லாத இடமென்றால் அடியில் பைப் பூட்டிய ஒரு தண்ணீர்த் தாங்கி போதும். வாளியும் கோப்பையும் மட்டும் வேண்டாம். அழுக்குக் கையால் கோப்பையைப் பிடிக்கிறோம், கழுவிய பிறகு அதே கோப்பையை அதே கையால் திரும்பப் பிடிக்கிறோம். முழங்கையால் தட்டித் திறக்கிற நீளக் கைபிடிக் குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது. துடைக்கக் கடதாசி வையுங்கள், ஆணியில் தொங்குகிற துவாய் ஆகாது.

பிரதேச சபை அனுமதி, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு எல்லாம் முதலே விசாரித்துச் செய்யுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பி.எச்.ஐ.) நீங்களாகக் கூப்பிட்டு அறையைக் காட்டுவது நல்லது. முறைப்பாடு வந்த பிறகு அவரைச் சந்திப்பது வேறு மாதிரி இருக்கும்.

தண்ணீர்: நான் பட்டது

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொதிக்க வைத்த கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்தத் தண்ணீரை மையில் கலக்கக் கூடாது என்ற அறிவு எனக்கு இருந்தது. அதனால் புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டு, வாகனக் கடையில் பற்றரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரை வாங்கினேன். கறுப்பு மையை அதில் கலந்து சாம்பல் நிறம் செய்து, ஒரு நண்பனின் தம்பிக்குத் தோளில் புலி முகம் ஒன்றுக்கு நிழல் போட்டேன். ஊசி புதிது, கையுறை புதிது, மேசை டெட்டோல் மணம்.

இரண்டு கிழமை அழகாக ஆறியது. மூன்றாவது கிழமை அவன் சேர்ட்டைக் கழற்றிக் காட்டினான். கறுப்புக் கோடு முழுக்க நன்றாக இருந்தது. சாம்பல் நிழல் விழுந்த இடத்தில் மட்டும், எல்லை கீறினது போல, சிவந்த சிறு கட்டிகள். அவனுக்குக் காய்ச்சலும் இல்லை, பெரிய நோவும் இல்லை. பக்கத்து மருந்துக்கடையில் வாங்கிய அன்டிபயோட்டிக் ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் தோல் வைத்தியரிடம் போய், தோலில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்து, மாதக்கணக்கில் மருந்து குடித்தான். இன்றைக்கும் அந்தப் புலியின் கன்னம் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது. அவன் என்னோடு கோபிக்கவில்லை, அதுதான் எனக்குக் கூடக் கஷ்டம்.

பிறகுதான் தேடிப் படித்தேன். 2011 கடைசியிலும் 2012 தொடக்கத்திலும் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் 19 பேருக்கு இதே மாதிரிக் கட்டிகள் வந்திருக்கின்றன. காரணம் மைக்கோபாக்டீரியம் செலோனே என்ற கிருமி. அவர்களுக்குக் குத்தியவர் சுத்தக்காரர்தான். சாம்பல் மையை முன்கூட்டியே கலந்து விற்றவர் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்திருக்கிறார். திறக்காத போத்தலுக்குள்ளேயே கிருமி இருந்தது. காய்ச்சி வடித்தால் உப்பும் சுண்ணாம்பும் போகும். வடித்து, போத்தலில் ஊற்றி, மாதக்கணக்கில் தட்டில் வைத்திருக்கும்போது அதற்குள் எது வளர்கிறது என்பதற்கு அந்தப் பெயர் உத்தரவாதம் இல்லை. கொதித்து ஆறிய தண்ணீரும், வடிகட்டித் தண்ணீரும், குடிக்கிற போத்தல் தண்ணீரும் அப்படித்தான். மலிவான புது மெஷின் பெட்டியோடு பெயரும் திகதியும் இல்லாமல் வருகிற மைப் போத்தல்களை அப்படியே குப்பையில் போடுங்கள். மனம் வராது, ஆனாலும் போடுங்கள்.

மையை ஐதாக்க வேண்டுமானால் இரண்டு வழிதான். மை செய்கிற நிறுவனமே மூடி முத்திரையிட்டு விற்கும் கலவைத் திரவம் ஒன்று. மருந்துக்கடையில் ஊசிமருந்து கரைக்க விற்கிற சின்னக் குப்பி ஸ்டெரைல் வோட்டர் மற்றது. குப்பியை உடைத்தால் அந்த ஆளோடு அது முடிந்தது, மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். மைப் போத்தலில் திறந்த திகதியைப் பேனாவால் எழுதுங்கள். தொகுதி எண்ணைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள், யாருக்கு எந்தப் போத்தலிலிருந்து போனது என்று பிறகு தேட அது ஒன்றுதான் வழி.

மஞ்சள் பயிற்சி

யாருடைய தோலையும் தொடுவதற்கு முன் இதை ஒரு தடவை செய்து பாருங்கள். செலவில்லை.

மஞ்சள் தூளைத் தண்ணீரில் களியாகக் குழைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாழைப்பழத்தை மேசையில் வைத்து உண்மையான வேலைக்குப் போலவே எல்லாம் ஆயத்தம் பண்ணுங்கள். வெள்ளைக் கையுறை போட்டு, விரல் நுனிகளை மஞ்சளில் தோயுங்கள். அந்த மஞ்சள்தான் இரத்தம். இப்போது அரை மணித்தியாலம் பழத்தோலில் வழக்கம் போலக் குத்துங்கள், துடையுங்கள், மை எடுங்கள், இடையில் பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் திரும்ப மஞ்சள் தொடுங்கள். யாரையாவது நடுவில் உங்களுக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கள்.

முடித்துவிட்டு லைட்டைப் போட்டுப் பாருங்கள். நான் செய்தபோது மஞ்சள் இருந்த இடங்கள்: விளக்கின் கழுத்து, மைப் போத்தலின் மூக்கு, டிஸ்யூச் சுருளின் பக்கம் முழுக்க, கதிரையை உயர்த்தும் பிடி, மின்மாற்றியின் திருகு, போனின் முதுகு, என் இடது புருவம். தேத்தண்ணிக் கோப்பையின் காதிலும் இருந்தது. நான் தேத்தண்ணி குடித்ததே எனக்கு நினைவில்லை. அந்தக் கோப்பையைக் குசினிக்கு யார் கொண்டுபோயிருப்பார்கள் என்று யோசித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. எங்கள் வீட்டில் அப்போது கைக்குழந்தை இருந்தது.

மஞ்சள் பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டில் ஒன்று செய்ய வேண்டும். தொடாமலே வேலை செய்யப் பழகுங்கள், அல்லது ஆளுக்கு ஆள் மாற்றுகிற உறையைப் போட்டு மூடுங்கள். விளக்கின் கழுத்து, மெஷின், வயர், தண்ணீர்ப் போத்தல், கதிரைப் பிடி எல்லாவற்றுக்கும் மெல்லிய பொலித்தீன் சுற்றலாம். மெஷினுக்கும் வயருக்கும் தனிப் பைகள் விற்கிறார்கள். மேசைக்கு, புதுக் கட்டிலிருந்து உருவிய லஞ்ச் சீற்றும் உதவும். போனுக்கு உறை வேண்டாம், அது அடுத்த அறையில் இருக்கட்டும். தேத்தண்ணியும் அங்கேதான்.

மறுபடி மஞ்சள் பூசி, மறுபடி செய்யுங்கள். வாழைப்பழத்திலும் கையுறையிலும் உறைகளிலும் தவிர வேறெங்கும் மஞ்சள் இல்லாத நாள்வரை மனிதத் தோலுக்குப் போகாதீர்கள். எனக்கு நாலாவது தடவைதான் சரி வந்தது.

ஆள் வந்து உட்கார்ந்தால்

முதலில் பேச்சு. சீனி வருத்தம் இருக்கிறதா, இரத்தம் உறையாமல் மருந்து குடிக்கிறாரா, எதற்கும் ஒவ்வாமை உண்டா, காய்ச்சல், கர்ப்பம், சாப்பிட்டாரா, குடித்திருக்கிறாரா. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு நான் குத்துவதில்லை, அம்மாவைக் கூட்டிவந்தாலும்.

எங்கள் பக்கத்துக்கு என்று இன்னொரு கேள்வி உண்டு: "உடம்பில துண்டு ஏதும் இருக்கா?" ஷெல் காயத் தழும்பை மறைக்கத்தான் என்னிடம் கனபேர் வருகிறார்கள். தழும்புக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தால் சில இடத்தில் கடினமாக ஏதோ தட்டுப்படும். அந்த இடத்தில் ஊசி வைக்காதீர்கள், முதலில் வைத்தியரிடம் காட்டட்டும். வீங்கித் தடித்துப் பளபளக்கும் தழும்பிலும் குத்தக் கூடாது, அது இன்னும் பெருக்கும். வேறு இடத்தில் கீறி அதை மறைக்க முடியுமா என்று யோசியுங்கள். இந்தப் பேச்சுக்கு நேரம் கொடுங்கள். தழும்பின் கதையைச் சொல்லத் தொடங்குகிறவரை இடையில் வெட்ட எனக்கு இன்னும் தெரியாது.

பிறகு ஆயத்தம். இங்கே ஒரே ஒரு விதிதான்: தேவையான எல்லாவற்றையும் கையுறை போடுவதற்கு முன் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். கல்யாண வீட்டுச் சமையல்காரர் அடுப்பு மூட்டுவதற்கு முன் சரக்கெல்லாம் எடுத்து வைப்பது போல. டிஸ்யூவைக் கிழித்து அடுக்குங்கள். மைக் கிண்ணங்களை இரண்டு மூன்று கூடவே வையுங்கள். மையைப் போத்தல் மூக்குப் படாமல் ஊற்றுங்கள். வசலினை டப்பாவிலிருந்து புதுக் குச்சியால் ஒரு கட்டி எடுத்து மேசை விரிப்பில் வையுங்கள், டப்பாவை மூடி அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள். கிண்ணத்தில் மிஞ்சிய மை, விரிப்பில் மிஞ்சிய வசலின் எதுவும் திரும்பப் போத்தலுக்கோ டப்பாவுக்கோ போகாது.

ஊசி பூட்டி வருகிற காட்ரிட்ஜின் பொதியைப் பாருங்கள். காலாவதித் திகதி, கிருமியழித்த குறி, ஓட்டையில்லாத ஒட்டு மூன்றும் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் பட்டுச் சுருண்ட பொதியை நான் எறிந்துவிடுவேன். மெல்லிய சவ்வு வைத்த காட்ரிட்ஜையே வாங்குங்கள். சவ்வு இல்லாவிட்டால் மையும் இரத்தமும் பின்னால் ஏறி மெஷினுக்குள் போகும், மெஷினுக்குள் போனதைப் பிறகு வெளியே எடுக்க முடியாது.

மோதிரம், மணிக்கூடு கழற்றி, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு முக்கால் நிமிடமாவது கழுவுங்கள். நகத்துக்குள்ளும் பெருவிரல் அடியிலும். காய்ந்த பிறகு கையுறை. நைட்ரைல் கையுறை நல்லது, சிலருக்கு லேடெக்ஸ் ஒத்துக்கொள்ளாது.

மயிர் வழிக்கப் புது ரேசர், வழித்ததும் கூரான குப்பைக்குள். தோலைச் சவர்க்காரத்தால் கழுவி, 70 சதவீத அல்ககோலால் துடைத்து, தானாகக் காய விடுங்கள். ஈரம் இருக்கும்போதே வேலை தொடங்கினால் அல்ககோலுக்குத் தன் வேலையைச் செய்ய நேரமில்லை. படத்தைத் தோலில் பதிக்கிற ஸ்டென்சில் தாளை ஒட்ட ஒரே டியோடரன்ட் குச்சியை எல்லோருடைய தோலிலும் தேய்க்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அது ஒரே ரேசரால் எல்லோருக்கும் வழிப்பது மாதிரித்தான். இதெல்லாம் முடிந்ததும் அந்தக் கையுறையைக் கழற்றிவிட்டு, கை கழுவி, புதுக் கையுறை போட்டுக்கொண்டு ஊசியைத் தொடுங்கள்.

வேலை நடக்கும்போது உறை இல்லாத எதையாவது தொட்டுவிட்டால், மூக்கைச் சொறிந்துவிட்டால், கையுறை மாற்றுங்கள். சித்திரை வெயிலில் கையுறைக்குள் வியர்வை தேங்கும், வழுக்கும், கிழியும். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எப்படியும் மாற்றுகிறேன். கரண்ட் போனால் இருட்டில் டோர்ச் தேடாதீர்கள், கையை மேலே தூக்கிக்கொண்டு அப்படியே இருங்கள், வேறு யாராவது வெளிச்சம் பிடிக்கட்டும்.

துடைத்தல், கொல்லுதல்

டெட்டோல் மணம் வந்தால் சுத்தம் என்று நினைக்கிறோம். முதலில் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து அழுக்கை எடுக்க வேண்டும், பிறகுதான் தொற்றுநீக்கி. இரத்தத்தின் மேல் நேரே ஊற்றினால் மருந்து இரத்தத்திலேயே செலவாகிப் போகும். இரத்தம் சிந்திய இடத்துக்கு, கடையில் விற்கும் 5 சதவீத குளோரீன் பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. ஊற்றிப் 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். எங்கள் வெக்கையில் கலந்து வைத்தது வேகமாகப் பலம் இழக்கும், அதனால் அன்றன்று கலவுங்கள். கழிப்பறை அமிலத்தோடு எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், வருகிற புகை நுரையீரலைக் கெடுக்கும்.

அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் ஓட்டோகிளேவ் வாங்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தொடக்கத்தில் வேண்டாம். தோலைத் துளைக்கிற, இரத்தம் படுகிற எல்லாவற்றையும் ஒரு தடவை பாவித்து எறிகிறதாகவே வாங்குங்கள். இரும்புப் பிடி பாவிப்பதென்றால் மட்டும்தான் 121 பாகையில், அழுத்தத்தோடு, குறித்த நேரம் முழுக்க ஓடும் ஓட்டோகிளேவ் தேவை. ஓட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. நிறம் மாறுகிற ஒட்டுத்தாள் சூடு பட்டதை மட்டும் சொல்லும், கிருமி செத்ததா என்று சொல்ல, சூட்டைத் தாங்கும் கிருமி வித்துகளை உள்ளே வைத்துப் பார்க்கிற வித்துப் பரிசோதனை வேண்டும். அழகு நிலையங்களில் இருக்கும் நீல வெளிச்சப் பெட்டியும், குசினியில் கொதிக்கும் பானையும் இந்த வேலைக்கு உதவாது.

ஊசி எங்கே போகிறது

முடிந்த உடனே, ஆளோடு பேசத் தொடங்குவதற்கு முன், காட்ரிட்ஜைக் கழற்றிக் கூரான குப்பைப் பெட்டிக்குள் போடுங்கள். ஆஸ்பத்திரியில் பாவிக்கிற மஞ்சள் பெட்டி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் திருகு மூடி உள்ள தடித்த பிளாஸ்டிக் கொள்கலன். தண்ணீர்ப் போத்தலை ஊசி துளைத்து வெளியே வரும். முக்கால்வாசி நிரம்பியதும் மூடி ஒட்டிவிடுங்கள்.

அதை வளவில் எரிக்கவும் வேண்டாம், கிடங்கு வெட்டிப் புதைக்கவும் வேண்டாம். எரித்தால் பிளாஸ்டிக் போய் ஊசி மிஞ்சும். புதைத்தால், பத்து வருடம் கழித்து யாரோ ஒரு பிள்ளை கத்தரிக்குப் பாத்தி கட்டும்போது மேலே வரும். எங்கள் மண்ணுக்குள் ஏற்கெனவே கிடப்பது போதும். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ ஆஸ்பத்திரியிலோ போய், கூரான கழிவை எப்படி ஒப்படைப்பது என்று தொழில் தொடங்குவதற்கு முன்பே கேட்டு ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் விரலில் குத்திவிட்டால்: மெஷினை வையுங்கள். கையுறையைக் கழற்றி ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், பிளீச் ஊற்றாதீர்கள். அன்றே மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு கெதியாகவோ அவ்வளவு நல்லது, 28 நாள் குடிக்க வேண்டும். வெட்கத்தில் ஒரு நாள் தள்ளிப்போட்டவரை எனக்குத் தெரியும். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் முடிவு வரும்வரை அவர் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

வயல், குளம், கடல்

நகரத்துக் கடைகள் கொடுக்கிற பராமரிப்புத் தாளில் நீச்சல் தடாகத்துக்குப் போகாதே என்றுதான் இருக்கும். எங்கள் ஆட்கள் போவது சேற்றுக்கு. ஆறாத பச்சை என்பது ஆயிரம் ஓட்டை உள்ள தோல். ஈர மண்ணிலும் வயல் தண்ணீரிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களை எடுத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதே சேற்றில் மெலியோய்டோசிஸ் என்ற இன்னொன்றும் உண்டு, சீனி வருத்தக்காரரைத் தேடிப் பிடிப்பது போலப் பிடிக்கும். அதனால் கமக்காரர் காலில் குத்தக் கேட்டால் நான் திகதி பார்ப்பேன். காலபோக விதைப்புக்கு வயலில் இறங்கப் போகிறவரா?

"ஐயா, அறுவடை முடிச்சுட்டு மாசியில வாங்கோ. படம் எங்கேயும் ஓடாது."

கடல் தொழிலாளருக்கும் அதே பேச்சு. 2017இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில், காலில் பச்சை குத்தி ஐந்தாம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவில் குளித்த 31 வயதுக்காரர், வெதுவெதுப்பான உப்புநீரில் வாழும் விப்ரியோக் கிருமி ஏறி இறந்துபோனார். அவருக்கு ஏற்கெனவே ஈரல் கெட்டிருந்தது. முல்லைத்தீவில் களப்பும் கடலும் வருடம் முழுக்க வெதுவெதுப்புத்தான், குடியால் ஈரல் கெட்டவர்களும் இல்லாமல் இல்லை. குறைந்தது மூன்று கிழமை, தோல் முழுதாக மூடும்வரை, குளம், கடல், வாய்க்கால் எதிலும் இறங்க வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். இறங்காமல் பிழைக்க முடியாதவர் என்றால் குத்தாமல் அனுப்புங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கழுவிய கையால், கொதித்து ஆறிய தண்ணீரும் மணமில்லாத சவர்க்காரமும் கொண்டு நாளுக்கு இரண்டு தடவை மெதுவாகக் கழுவி, புதுக் கடதாசியால் ஒற்றி எடுத்து, களிம்பை மெல்லிசாகப் பூச வேண்டும். கிணற்றில் அள்ளி ஊற்றிக் குளிப்பதென்றால் அந்த இடத்தை விலக்கி ஊற்றட்டும். அம்மம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக்கொண்டு வருவா. அன்போடு மறுக்கச் சொல்லுங்கள். தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய்ப் போத்தலும் வேண்டாம், அதற்குள் எத்தனை விரல் போனது என்று யாருக்குத் தெரியும். ஆறும்போது அரிக்கும், ஆனால் காய்ந்த அயறைப் பிய்க்கக் கூடாது. எங்கள் வெக்கைக்கு, பச்சையின் மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் படலத்துக்குள் வியர்வை தேங்கி ஊறினால் உடனே கழற்றிக் கழுவ வேண்டும்.

முதல் இரண்டு நாள் சிவப்பும் சின்ன வீக்கமும் வழக்கம். மூன்றாம் நாளுக்குப் பிறகு சிவப்புப் பரவினால், சூடாக இருந்தால், சீழ் வந்தால், சிவப்புக் கோடு மேலே ஏறினால், காய்ச்சல் வந்தால், என்னிடம் வர வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். பச்சை குத்தியதை வைத்தியருக்கு மறைக்கக் கூடாது. எந்த மை, எந்தத் தொகுதி என்று அவர் கேட்டால் உங்கள் கொப்பியில் இருக்க வேண்டும். அந்தக் கொப்பியை வேறு யாரும் பார்க்காமல் பூட்டி வையுங்கள். இரத்ததான முகாமுக்குப் போனாலும் பச்சை குத்திய திகதியைச் சொல்ல வேண்டும், கொஞ்சக் காலம் தள்ளி வரச் சொல்வார்கள்.

போகும்போது போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். நான் இரண்டு தடவை எடுப்பேன். மூன்றாம் நாள் ஒன்று, அது சீழுக்கும் காய்ச்சலுக்கும். மூன்றாம் கிழமை ஒன்று, அது என் பற்றரித் தண்ணீருக்கு. அப்போது நோகுதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதனால் காலை வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லி, நிழல் விழுந்த இடத்தைப் பெருப்பித்துப் பார்க்கிறேன்.